வேலையிடத்தில் கெட்ட வார்த்தை: எது பரவாயில்லை, எது தப்பு?

வேலை செய்யும் இடத்தில் கெட்ட வார்த்தை பேசலாமா என்று யாரைக் கேட்டாலும் "கூடாது" என்றுதான் பதில் வரும். ஆனால் எந்த வேலையிடத்திலும் ஒரு நாள் முழுக்க இருந்து பாருங்கள், கூடாது என்று சொன்னவர்கள் வாயிலிருந்தே நாலைந்து வந்து விழும். மிஷின் நின்றுபோகும்போது ஒன்று, கிளம்பும் நேரத்தில் அவசர வேலை வந்து சேரும்போது ஒன்று, நெருங்கிய சிநேகிதரைக் கூப்பிடும்போது ஒன்று. இதையெல்லாம் பெரிய குற்றமாக்கி ஆளாளுக்கு மெமோ கொடுத்துக்கொண்டிருந்தால் வேலை நடக்காது. சரி, கோபத்தில் பேசுவதெல்லாம் சகஜம்தானே என்று மொத்தமாக விட்டுவிட்டால், அங்கே யாராவது ஒருவர் தினமும் காலையில் வயிற்றைப் பிசையப் பிசைய வேலைக்கு வந்துகொண்டிருப்பார்.

அப்படியானால் கோடு எங்கே இருக்கிறது? முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்திருப்பவருக்கும், முதன்முதலாக நாலு பேரிடம் வேலை வாங்கும் பொறுப்புக்கு வந்திருப்பவருக்கும் புரிகிற மாதிரி இதை விளக்கப் பார்க்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த வார்த்தை என்பது இரண்டாவது கேள்வி. அது யார் மேல் போய் விழுகிறது, விழுந்தவரால் பதிலுக்குப் பேச முடியுமா என்பதுதான் முதல் கேள்வி.

ஒரே வார்த்தை, வேறு வேறு வேலை

ஒரு கணக்குப் பிரிவை எடுத்துக்கொள்வோம். மாதக் கடைசி. ஒருவர் காலையிலிருந்து உட்கார்ந்து போட்ட எக்செல் கோப்பு, சேவ் ஆவதற்குள் கம்ப்யூட்டர் நின்றுவிடுகிறது. மேஜையைத் தட்டி ஒரு கெட்ட வார்த்தை சொல்கிறார். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. பக்கத்து சீட்டுக்காரர் "என்னாச்சு, போச்சா?" என்று எட்டிப் பார்க்கிறார். எப்படி மீட்பது என்று இரண்டு பேரும் தேட ஆரம்பிக்கிறார்கள்.

இப்போது அதே இடம், அதே கோப்பு. விஷயம் தெரிந்து மேலாளர் அறையிலிருந்து வெளியே வருகிறார். அதே வார்த்தையை அந்த ஆளைப் பார்த்து, பத்துப் பேர் காதில் விழும்படி சொல்கிறார். எட்டிப் பார்த்த சீட்டுக்காரர் சட்டென்று தன் திரையின் பக்கம் திரும்பிக்கொள்கிறார். திட்டு வாங்கியவர் "சரி சார்" என்கிறார், அவ்வளவுதான். கோப்பை மீட்பதற்கு உதவ இப்போது யாரும் எழுந்து வரமாட்டார்கள், ஏனென்றால் எழுந்து வருகிறவர் தலையிலும் அடுத்த திட்டு விழலாம்.

எழுத்துக்கு எழுத்து ஒரே வார்த்தை. முதல் தடவை அது ஒரு பெருமூச்சு. இரண்டாவது தடவை அது அடி. அடி என்று நான் சும்மா சொல்லவில்லை. திட்டியவருக்குச் சம்பள உயர்வு, லீவு, வேலை நிரந்தரம் எல்லாவற்றிலும் கை இருக்கிறது. திட்டு வாங்கியவர் அதே வார்த்தையைத் திருப்பிச் சொன்னால் அன்றைக்கே வேலை போகும். ஒரு பக்கம் மட்டும்தான் பேச முடியும் என்ற நிலையில் வருகிற வசவைக் கோபம் என்று சொல்லி மன்னிக்க எனக்கு மனம் வருவதில்லை.

இன்னொரு வகை இருக்கிறது. கூடவே பல வருடம் வேலை பார்த்தவர்கள் ஒருவரை ஒருவர் அன்பாகத் திட்டிக்கொள்வது. வெளியாள் கேட்டால் சண்டை என்று நினைப்பார், அவர்களுக்கு அது நெருக்கம். இதில் தப்பு கண்டுபிடிக்க வேண்டியதில்லை, இரண்டு நிபந்தனைகள் இருந்தால். ஒன்று, இரண்டு பக்கமும் அப்படிப் பேச முடிய வேண்டும். ஒருவர் மட்டும் திட்டி, மற்றவர் எப்போதும் சிரித்துக்கொண்டே நின்றால், அந்தச் சிரிப்பை நம்பக் கூடாது. வேறு வழி தெரியாதவர்களும் சிரிப்பார்கள். இன்னொன்று, அது அந்த இரண்டு பேரோடு நிற்க வேண்டும். புதிதாக வந்தவரிடம் முதல் வாரத்திலேயே "நம்ம இடத்தில இப்படித்தான்" என்று ஆரம்பிப்பது நெருக்கமாகாது. அந்த உரிமையை அவர் இன்னும் கொடுக்கவில்லை.

கடைசியாக ஒரு வகை. பிறப்பை, நிறத்தை, மதத்தை, பெண் என்பதை, பாலின அடையாளத்தை, உடல் குறைபாட்டை இழுத்து வைத்துத் திட்டுவது. இதற்கு இடம், பொருள், ஏவல் எதுவும் பார்க்க வேண்டியதில்லை. விளையாட்டுக்குச் சொன்னது, அவரைச் சொல்லவில்லை, அவர் இங்கே இல்லவே இல்லை என்ற எந்தச் சமாதானமும் எடுபடாது. பல நாடுகளில் இது நிறுவன விதியைத் தாண்டிச் சட்டத்துக்குள் வந்துவிடுகிற விஷயம். பெரும்பாலான கெட்ட வார்த்தைகளைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தாலே யாரோ ஒருவருடைய தாயோ, உடலோ, பிறப்போ உள்ளே இருக்கும். "சும்மா வாயில வந்துடுச்சு" என்கிறவர் அதைப் பற்றி யோசித்திருக்கமாட்டார். அந்த வார்த்தை யாரைக் குறிக்கிறதோ அவர் அதே அறையில் உட்கார்ந்திருந்தால், அவருக்கு யோசிக்காமல் இருக்கும் வசதி கிடையாது.

திட்டினால் மனசு லேசாகுமா?

வாய்விட்டுத் திட்டினால் பாரம் குறைகிறது என்பதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் ஸ்டீபன்ஸ் என்ற உளவியலாளரும் அவர் குழுவினரும் 2009இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். மாணவர்களைப் பனிக்கட்டி போல் குளிர்ந்த தண்ணீரில் கையை வைத்திருக்கச் சொன்னார்கள். ஒரு தடவை ஒரு கெட்ட வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே, இன்னொரு தடவை ஒரு மேஜையை வர்ணிக்கும் சாதாரண வார்த்தையைச் சொல்லிக்கொண்டே. கெட்ட வார்த்தை சொன்னபோது கூடுதல் நேரம் வலி தாங்கினார்கள். 2011இல் வந்த அடுத்த ஆய்வு இன்னும் சுவாரஸ்யம்: தினசரி நிறையத் திட்டுகிறவர்களுக்கு இந்தப் பலன் குறைவாக இருந்தது. எப்போதாவது சொல்கிறவருக்குத்தான் அது மருந்து போல வேலை செய்தது.

இந்த ஆய்வைக் காட்டி "திட்டுவது ஆரோக்கியம்" என்று சொல்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த மாணவர்கள் யாரையும் திட்டவில்லை. கையைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு வெறும் காற்றில்தான் சொன்னார்கள். கணக்குப் பிரிவில் மேஜையைத் தட்டினாரே, அவருக்கு இது பொருந்தும். அறையிலிருந்து வெளியே வந்தவருக்குப் பொருந்தாது.

அதே போல, 2007இல் பாரூக், ஜென்கின்ஸ் என்ற இரண்டு பேர் இங்கிலாந்தில் ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். வேலையாட்கள் தங்களுக்குள் கெட்ட வார்த்தை பேசிக்கொள்வது சில இடங்களில் மன அழுத்தத்தை வெளியேற்றவும் ஒட்டுறவை வளர்க்கவும் உதவுகிறது, அதை ஒரேயடியாகத் தடை செய்வதற்கு முன்னால் மேலாளர்கள் யோசிக்க வேண்டும் என்பது அதன் சாரம். நான் இதை ஏற்கிறேன். ஆனால் அந்தக் கட்டுரையிலேயே, வாடிக்கையாளர் முன்னால் பேசுவதும் ஒருவரைத் தாக்கிப் பேசுவதும் வேறு கணக்கு என்பது இருக்கிறது. கட்டுரையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பல பேர் அந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

இடம் பார்த்துப் பேசுவது: இரண்டு வழக்குகள்

"எங்க ஃபீல்டுல இதெல்லாம் சகஜம்" என்ற வாதத்தை எல்லோரும் கேட்டிருப்போம். கட்டட வேலை, சமையற்கூடம், செய்தி அறை, பங்குச் சந்தை என்று ஒவ்வொரு துறையும் தனக்குத் தனி விதிவிலக்கு கேட்கும். இதில் எவ்வளவு நியாயம் இருக்கிறது என்று பார்க்க, இங்கிலாந்தில் நடந்த இரண்டு வழக்குகள் நல்ல உதாரணம்.

முதலாவது 1974. ஹல் என்ற துறைமுக நகரத்தில் மீன் அறுத்துச் சுத்தம் செய்யும் தொழிலாளி ஒருவர். கூட வேலை செய்கிறவர்களோடு வாய்ப்பேச்சு போய்க்கொண்டிருந்தபோது, மேற்பார்வையாளர் அவரிடம், வேலை பிடிக்கவில்லையென்றால் கிளம்பு என்பதை ஒரு கெட்ட வார்த்தையோடு சேர்த்துச் சொன்னார். தொழிலாளி கிளம்பிவிட்டார். என்னை வேலையை விட்டே துரத்திவிட்டார்கள் என்று தீர்ப்பாயத்துக்குப் போனார். மீன்துறையில் அந்தப் பேச்சு மொழி எப்படி, கூட இருந்தவர்கள் அதை என்னவென்று எடுத்துக்கொண்டார்கள் என்பதைத் தீர்ப்பாயம் பார்த்தது. அந்த இடத்தில் அதற்கு அர்த்தம் "உன் குறையை விட்டுவிட்டு வேலையைப் பார், இல்லாவிட்டால் இப்போதைக்கு வீட்டுக்குப் போ" என்பதுதான், வேலைநீக்கம் கிடையாது என்று முடிவு சொன்னது. அதாவது, இடத்துக்கு ஒரு மொழி உண்டு என்பதை ஏற்றுக்கொண்டது.

இரண்டாவது 2003. லண்டனில் கேன்ட்டர் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற நிதி நிறுவனத்தில் உயர்ந்த பொறுப்பில் இருந்த ஒருவர், தன் மேலதிகாரியின் வசவையும் மிரட்டலையும் தாங்க முடியாமல் வேலையை விட்டுவிட்டு வழக்குப் போட்டார். நிறுவனத்தின் தரப்பு என்ன சொல்லியிருக்கும் என்று ஊகித்துவிடுவீர்கள். இது பண வர்த்தகம் நடக்கும் இடம், இங்கே அழுத்தம் அதிகம், சம்பளமும் அதிகம், எல்லோரும் இப்படித்தான் பேசுவார்கள். உயர் நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. கெட்ட வார்த்தை அடிக்கடி புழங்குகிற இடம் என்பதற்காக, ஒருவரைக் குறிவைத்துத் திரும்பத் திரும்ப இழிவுபடுத்துவது சரியாகிவிடாது என்றது. பெரிய சம்பளம் கொடுக்கிறோம் என்பதும் ஆளை எப்படி வேண்டுமானாலும் நடத்துவதற்கு உரிமம் ஆகாது. வேலை கொடுப்பவருக்கும் செய்பவருக்கும் நடுவே இருக்க வேண்டிய நம்பிக்கை முறிந்துவிட்டது என்று சொல்லி, தீர்ப்பு ஊழியர் பக்கம் வந்தது.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் குழப்பம் தீரும். அந்தத் துறையில் அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்பதைச் சொல்லத்தான் "எங்க ஃபீல்டுல சகஜம்" என்பது உதவும். ஒரு ஆளைப் பிழிந்து எடுப்பதற்கு அது கேடயமாக முடியாது.

கெட்ட வார்த்தையே இல்லாத வசவு

இந்தப் பகுதிதான் எனக்கு முக்கியம். பல நிறுவனங்கள் நடத்தை விதிமுறை எழுதும்போது கெட்ட வார்த்தைகளைத் தடை செய்துவிட்டு, வேலை முடிந்தது என்று உட்கார்ந்துவிடுகின்றன. ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லாமல் ஒரு மனிதரை நாசம் செய்ய முடியும் என்பது வேலைக்குப் போன எல்லோருக்கும் தெரியும்.

மீட்டிங்கில் ஒருவர் பேச ஆரம்பித்ததும் கடிகாரத்தைப் பார்ப்பது. "இதுகூடத் தெரியாமத்தான் படிச்சிட்டு வந்தீங்களா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்பது. வயதிலும் அனுபவத்திலும் பெரியவரை, பதவியில் கீழே இருக்கிறார் என்ற ஒரே காரணத்துக்காக வா, போ என்று ஒருமையில் கூப்பிடுவது. ஒருவருடைய பேச்சு வழக்கை அப்படியே நடித்துக் காட்டிச் சிரிப்பது. வேண்டுமென்றே மெயிலில் ஒருவர் பெயரை விட்டுவிடுவது. தப்பைச் சுட்டிக்காட்டுகிற சாக்கில் தினமும் ஒரே ஆளை எழுந்து நிற்கச் சொல்வது. இதில் எதற்கும் அகராதியில் கெட்ட வார்த்தை என்ற முத்திரை கிடையாது. புகார் கொடுக்கப் போனால், "அப்படி என்ன தப்பாச் சொல்லிட்டார்?" என்று திருப்பிக் கேட்பார்கள். தடை செய்த வார்த்தைகளின் பட்டியலை வைத்துக்கொண்டு நடத்தையை அளக்க முடியாது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

லேசான அவமரியாதைகூட வேலையைக் கெடுக்கும் என்பதற்கு ஒரு ஆய்வு இருக்கிறது. இஸ்ரேலில் பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவுகளைச் சேர்ந்த 24 குழுக்களை வைத்துச் செய்தது, 2015இல் பீடியாட்ரிக்ஸ் என்ற மருத்துவ இதழில் வந்தது. குறைமாதத்தில் பிறந்த ஒரு குழந்தையின் உடல்நிலை திடீரென்று மோசமாவது போல ஒரு பயிற்சி. நிஜக் குழந்தை இல்லை, எல்லாம் ஒத்திகை. வெளிநாட்டு நிபுணர் ஒருவர் உங்களைக் கவனிக்கிறார் என்று குழுக்களிடம் சொன்னார்கள். பாதிக் குழுக்களிடம் அந்த நிபுணர் சாதாரணமாகப் பேசினார். மீதிப் பேரிடம், அவர்கள் செய்த வேலைக்குச் சம்பந்தமே இல்லாத, கொஞ்சம் மட்டம் தட்டுகிற மாதிரியான இரண்டு வார்த்தை சொன்னார். கத்தவில்லை, கெட்ட வார்த்தை பேசவில்லை.

மட்டம் தட்டப்பட்ட குழுக்கள் நோயைக் கண்டுபிடிப்பதிலும் சரி, சிகிச்சை செய்வதிலும் சரி, குறைவான மதிப்பெண் வாங்கின. ஏன் என்று பார்த்தபோது இரண்டு விஷயம் தெரிந்தது. தங்களுக்குத் தெரிந்த தகவலை ஒருவரோடு ஒருவர் பகிர்ந்துகொள்வது குறைந்திருந்தது, உதவி கேட்பதும் குறைந்திருந்தது. நம் கணக்குப் பிரிவில் சீட்டுக்காரர் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாரே, அதேதான் இது. அங்கே போனது ஒரு எக்செல் கோப்பு. ஆஸ்பத்திரியில் போவது உயிராக இருக்கலாம்.

இதனால்தான் "கறாராக இருந்தால்தான் வேலை நடக்கும்" என்ற பேச்சை நான் நம்புவதில்லை. கறார் வேறு, வசவு வேறு. "இந்த ரிப்போர்ட்டில் மூன்று இடத்தில் கணக்கு இடிக்கிறது, நாளைக் காலைக்குள் திருத்தி வேண்டும், இனி அனுப்புவதற்கு முன்னால் இன்னொருவரிடம் காட்டிவிட்டு அனுப்புங்கள்" என்பது கறார். கேட்பவருக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரிகிறது. "மூளை இருக்கா உனக்கு?" என்பதைக் கேட்டு எந்த ரிப்போர்ட்டும் திருந்தியதில்லை. திருத்த வேண்டியது எந்த இடம் என்பதே அந்த வாக்கியத்தில் இல்லை.

எழுத்தில் வந்தால்

வாயில் வந்தது காற்றில் போய்விடும், எழுதினது இருக்கும். வாட்ஸ்அப் குரூப், மெயில், ஆஃபீஸ் சாட் எல்லாம் எழுத்துதான் என்பதை வேகத்தில் மறந்துவிடுகிறோம். 2010இல் கோல்ட்மேன் சாக்ஸ் வங்கியின் அதிகாரிகளை அமெரிக்க செனட் குழு விசாரித்தபோது, உள்ளுக்குள் அனுப்பிக்கொண்ட ஒரு மெயிலில் தாங்கள் விற்ற முதலீட்டையே ஒரு கெட்ட வார்த்தையால் வர்ணித்திருந்தது வெளியே வந்தது. குழுத் தலைவர் அந்த வரியைக் கேமரா முன்னால் திரும்பத் திரும்பப் படித்தார். அந்த வருடமே, மெயிலில் கெட்ட வார்த்தைக்கு இடமில்லை என்று வங்கி தன் ஊழியர்களுக்குச் சொன்னது. உங்கள் குரூப் செனட் வரை போகாது. ஆனால் ஒரு ஸ்க்ரீன்ஷாட் ஹெச்.ஆர். மேஜைக்குப் போக ஒரு நிமிடம் போதும்.

எழுத்தில் இன்னொரு ஆபத்து, குரல் இல்லாதது. நேரில் சொன்னால் முகத்தைப் பார்த்து விளையாட்டு என்று புரிந்துகொள்வார்கள். ராத்திரி பதினோரு மணிக்கு ஃபோனில் தனியாகப் படிக்கிறவருக்கு அந்த வாய்ப்பு இல்லை.

கம்ப்யூட்டர்களை இயக்கும் இலவச மென்பொருளான லினக்ஸின் கதையும் இங்கே சேரும். 1991இல் லினக்ஸைத் தொடங்கிய லைனஸ் டோர்வால்ட்ஸ், தரமில்லாத புரோகிராம் எழுதி அனுப்பியவர்களைப் பொதுவெளியில் மெயிலிலேயே மிகக் கடுமையாகத் திட்டுவதற்குப் பெயர் போனவர். திறமையானவர், உலகமே அவர் செய்ததைப் பயன்படுத்துகிறது, அவர் கோபமும் தரத்துக்காகத்தானே என்று ரொம்ப நாள் பலர் அவருக்காகப் பேசினார்கள். 2018 செப்டம்பரில் அவரே, தன் மெயில்களில் இருந்த தாக்குதல்கள் தேவையற்றவை, அவை மனிதர்களைக் காயப்படுத்தின, சிலரை இந்த வேலையிலிருந்தே விரட்டியிருக்கலாம் என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். உதவி தேடிக்கொள்கிறேன் என்று சொல்லிச் சில வாரம் ஒதுங்கியும் இருந்தார். அந்தச் சமயத்தில்தான் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் வேலை செய்கிறவர்களுக்குப் புதிய நடத்தை விதிமுறை வந்தது. மறு மாதமே அவர் திரும்பி வந்து வேலையைத் தொடர்ந்தார். வசவு இல்லாவிட்டால் தரம் போய்விடும் என்று பயந்தார்களே, லினக்ஸ் அதனால் நின்றுவிடவில்லை.

புதிதாகச் சேர்ந்தவர் என்ன செய்யலாம்?

முதல் சில வாரம் காது கொடுத்துக் கேளுங்கள், வாய் கொடுக்காதீர்கள். யார் யாரிடம் எப்படிப் பேசுகிறார்கள், அதைக் கேட்டு மற்றவர் முகம் எப்படிப் போகிறது என்று பாருங்கள். சீனியர் ஒருவர் கெட்ட வார்த்தை பேசுகிறார் என்பதற்காக நீங்களும் பேசலாம் என்று அர்த்தம் கிடையாது. அவருக்கு இருக்கிற பத்து வருட நெருக்கம் உங்களுக்கு இன்னும் இல்லை. வாடிக்கையாளர், வெளியாட்கள் இருக்கும் இடத்தில் எந்த வகையும் வேண்டாம், மேஜையைத் தட்டிச் சொல்வதுகூட. நிறுவனத்துக்கு எழுதி வைத்த விதிமுறை இருந்தால் கேட்டு வாங்கிப் படித்துவிடுங்கள். சலிப்பான படிப்புதான், ஆனால் நாளைக்குத் தேவைப்படும்போது அதில் இருக்கும் ஒரு வரி உங்களைக் காப்பாற்றும்.

வாய் தவறி வந்துவிட்டால்? அந்த இடத்திலேயே, "சாரி, அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்று ஒரு வரி. அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். "தப்பா எடுத்துக்காதீங்க" என்பது மன்னிப்பு ஆகாது, எடுத்துக்கொண்டவர் மேல் பழியைத் தூக்கிப் போடுவது. "உங்க மனசு கஷ்டப்பட்டிருந்தா" என்ற "இருந்தா"வும் அப்படித்தான். பத்துப் பேர் முன்னால் திட்டினால் மன்னிப்பும் அந்தப் பத்துப் பேர் முன்னால்தான் கேட்க வேண்டும். பல மேலாளர்கள் கூட்டத்தில் திட்டிவிட்டு அறைக்குள் கூப்பிட்டுத் தனியாகச் சமாதானம் சொல்கிறார்கள். பாதிக் கடன்தான் அடைகிறது.

உங்களைத் திட்டினால் என்ன செய்வது என்பதற்கு ஒரே பதில் கிடையாது, உங்கள் நிலைமையைப் பொறுத்தது. ஒரு வாக்கியம் மட்டும் முன்கூட்டியே மனதில் தயாராக வைத்திருப்பது உதவும், ஏனென்றால் அந்த நேரத்தில் நாக்கு எழாது. "சார், தப்பு என்னோடதுதான், சரி பண்ணிடறேன். அந்த வார்த்தை மட்டும் வேண்டாம் சார்." வேலையில் நேர்ந்த தப்பையும் பேச்சில் நேர்ந்த தப்பையும் இது தனித்தனியாகப் பிரித்துவிடுகிறது. குரலை உயர்த்தாமல் சொன்னால் பெரும்பாலான ஆட்கள் ஒரு நொடி நிற்பார்கள். நிற்காத ஆட்களும் உண்டு. அவர்களிடம் தனியாக வாதாடிக்கொண்டிருக்க வேண்டாம். அன்றைக்கு ராத்திரியே தேதி, நேரம், இடம், சொன்ன வார்த்தை அப்படியே, கூட இருந்தவர்கள் யார் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எழுதும்போது வார்த்தையை நாகரிகப்படுத்தாதீர்கள். "தகாத முறையில் பேசினார்" என்று எழுதினால் ஆறு மாதம் கழித்து விசாரணையில் அதற்கு எந்தப் பலமும் இருக்காது.

ஒரே ஒரு தடவைதானே நடந்தது, இதற்குப் போய்ப் புகாரா என்று தயங்குகிறவர்கள் உண்டு. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2019 ஜூனில் வேலையிட வன்முறை, துன்புறுத்தல் பற்றி 190ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. 2021 ஜூன் 25 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதன் வரையறை, ஒருமுறை நடந்தாலும் பலமுறை நடந்தாலும் என்று தெளிவாகச் சொல்கிறது. உடலுக்கு மட்டுமில்லாமல் மனதுக்கு நேரும் தீங்கையும் கணக்கில் எடுக்கிறது. பயிற்சிக்கு வந்தவர், தன்னார்வலர், வேலை தேடி நேர்காணலுக்கு வந்தவர், வேலையை விட்டுப் போனவர் எல்லோரையும் சேர்க்கிறது. அலுவலகக் கட்டடத்தோடு நிற்காமல் வேலை நிமித்தப் பயணம், தங்குமிடம், ஃபோனிலும் கணினியிலும் நடக்கும் வேலைப் பேச்சு வரை போகிறது. உங்கள் நாடு இதை முறைப்படி ஏற்று உறுதி செய்திருந்தால்தான் சட்டக் கடமை ஆகும். ஆனால் எது வரம்பு மீறல் என்று தெரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான வரையறையை நான் பார்த்ததில்லை.

கூட இருந்து பார்த்தவர்களுக்கும் வேலை இருக்கிறது. மேலாளரை அந்த இடத்திலேயே தடுக்க எல்லோராலும் முடியாது, அதை நான் கேட்கவும் மாட்டேன். அவர் போனதும் எழுந்து போய், "நான் பார்த்தேன், அது சரியில்லை, கோப்பைச் சேர்ந்து தேடலாமா?" என்று கேட்கலாம். புகார் கொடுப்பதாக இருந்தால் சாட்சிக்கு வருகிறேன் என்று சொல்லலாம். திட்டு வாங்கியவர் முதலில் சந்தேகப்படுவது தன்னைத்தான். எனக்குத்தான் தாங்கும் சக்தி இல்லையோ என்று நினைப்பார். இன்னொரு ஆள் வந்து ஒரு வார்த்தை சொன்னாலே அந்தச் சந்தேகம் பாதி போய்விடும்.

வேலை வாங்குகிறவருக்கு

உங்களுக்குக் கீழே நாலு பேர் வந்துவிட்டார்கள் என்றால், நேற்று வரை அவர்களோடு பேசிய அதே பேச்சு இன்று வேறு எடையில் போய் விழும். நீங்கள் மாறவில்லை என்று நினைப்பீர்கள். அவர்களுடைய மதிப்பீட்டுப் படிவம் உங்கள் கைக்கு வந்துவிட்டதே. ஆகவே அன்பாகத் திட்டிக்கொள்வது என்ற வகையில் உங்கள் பங்கை நீங்களாகவே குறைத்துக்கொள்ளுங்கள்.

விதிமுறை எழுதும்போது வார்த்தைப் பட்டியல் வேண்டாம். ஆளைப் பார்த்துத் திட்டக் கூடாது, பிறப்பையும் பாலினத்தையும் உடலையும் இழுக்கக் கூடாது, எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்தக் கூடாது, எழுத்தில் வேண்டாம், வாடிக்கையாளர் முன்னால் வேண்டாம். இந்த ஐந்தும் ஒரு பக்கத்தில் அடங்கிவிடும், எல்லோருக்கும் புரியும். நன்றாக விற்பனை செய்கிறவர், எல்லாப் புரோகிராமும் மனப்பாடமாகத் தெரிந்தவர் என்று ஒரே ஒருவருக்கு விலக்கு கொடுத்தீர்களென்றால் அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிடலாம். மற்றவர்கள் விதியைப் படித்துக் கற்றுக்கொள்வதில்லை, யாருக்கு என்ன நடந்தது என்று பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறார்கள்.

வாடிக்கையாளர் உங்கள் ஊழியரைத் திட்டினால் என்ன செய்வது என்பதையும் எழுதி வையுங்கள், பலர் இதை மறந்துவிடுகிறார்கள். ஃபோனில் வேலை செய்கிறவர்களுக்கு இது அன்றாடப் பிரச்சினை. ஒருமுறை எச்சரித்துவிட்டு, "இப்படிப் பேசினால் இந்த அழைப்பைத் தொடர முடியாது" என்று சொல்லி வைத்துவிடலாம் என்ற அதிகாரத்தை அவர்களுக்குக் கொடுங்கள். வைத்த பிறகு அந்த அழைப்புக்காக அவர்கள் மதிப்பெண் குறையாது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இரண்டாவது வாக்கியம் இல்லாவிட்டால் முதல் வாக்கியத்தை யாரும் பயன்படுத்தமாட்டார்கள்.

புகார் வந்தால், கொடுத்தவரின் ஷிஃப்டும் இடமும் வேலையும் அவர் கேட்காமல் மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு பேரையும் பிரித்து வைக்க வேண்டியிருந்தால், நகர வேண்டியது யார் மேல் புகாரோ அவர். பல இடங்களில் இது தலைகீழாக நடக்கிறது. "உங்க நல்லதுக்குத்தான்" என்று சொல்லிப் புகார் கொடுத்தவரை வேறு பிரிவுக்கு மாற்றிவிடுகிறார்கள். அதைப் பார்த்த அடுத்த ஆள் புகாரே கொடுக்கமாட்டார். புகார் பெட்டி காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டு மேலிடம், நம் இடத்தில் பிரச்சினையே இல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கும்.